ஆலோசனை ஊழியத்தில் உள்ளம் வறண்டு போனவருக்கு மாநாடு புத்துயிர் தருமா?

கேள்வி: மார்த்தாண்டம் பகுதிச் சகோதரி

அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் மார்த்தாண்டத்துக்கு அருகில் உள்ள ஒரு சேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) ஒன்பது ஆண்டுகளாக ஆலோசனை ஊழியத்தில் உதவி வருகிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை முடித்திருந்ததால், ஆயர் இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஆலயத்தை ஒட்டிய சிறிய அறையில் அமர்ந்திருப்பேன். கணவனின் குடி, சொத்துத் தகராறு, வளைகுடாவில் இருக்கும் கணவனிடமிருந்து மாதக்கணக்கில் அழைப்பு வராத மனைவி, மதிப்பெண் குறைந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட மறுக்கும் பிள்ளை என்று வருகிறவர்களின் பாரங்கள் பலவகை. முதல் சில ஆண்டுகள் அந்த அறையிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடக்கும்போது, கர்த்தர் என்னைப் பயன்படுத்துகிறார் என்ற நிறைவு இருந்தது. இப்போது அது இல்லை.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒரு பெண், நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மழையால் வாரக்கணக்கில் வெட்டு இல்லை; கையில் காசு இல்லை; காதில் கிடந்த கம்மலையும் கணவன் அடகு வைத்துவிட்டான். அவர் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தபோது, குடையிலிருந்து வழிந்த தண்ணீர் சிமெண்ட் தரையில் கோடாக ஓடி என் காலை நோக்கி வருவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். அவர் கடைசியாகச் சொன்ன நான்கைந்து வாக்கியங்கள் என் காதில் விழவே இல்லை. திரும்பக் கேட்கவும் எனக்குத் துணிவில்லை. வழக்கம்போல் கைகளைப் பற்றி ஜெபித்து அனுப்பினேன். ஜெபத்தின் சொற்களில் குறை எதுவும் இல்லை. என் உள்ளம் மட்டும் அங்கே இல்லை.

காலையில் வேதம் வாசிக்கும்போதும் இதே நிலைதான். ஒரு சங்கீதத்தைத் திறந்தால், இது இன்னாருக்குப் பொருந்தும், அது அந்தப் பிள்ளைக்கு உதவும் என்றுதான் மனம் பிரித்து வைக்கிறது. எனக்கென்று ஒரு வசனம் வந்து நெடுநாளாயிற்று. நற்செய்திப் பெருவிழாக்களுக்குப் போய்ப் பார்க்கும்படி வீட்டில் சொல்கிறார்கள். போகிறேன், ஆனால் கூட்டத்தின் கடைசியில் மணலில் பாய் விரித்து அமர்ந்தாலும், என்னிடம் ஆலோசனைக்கு வந்த யாராவது தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கன்னியாகுமரிக் கடற்கரையை ஒட்டிய ஒரு தியான இல்லத்தில், கிறிஸ்தவ ஆலோசகர்களுக்கான மூன்று நாள் மாநாடு விரைவில் நடக்க இருப்பதாக அழைப்பு வந்திருக்கிறது. பயிற்சி வகுப்புகளோடு ஆவிக்குரிய புத்துணர்வும் கிடைக்கும் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இத்தகைய மாநாடுகளுக்குப் போனவர்கள், அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இன்னும் நான்கு உத்திகளைக் கற்றுக்கொண்டு வருவதற்கு எனக்கு விருப்பமில்லை. எனக்கு வேண்டியது தண்ணீர். அது அங்கே கிடைக்குமா, அல்லது இந்த ஊழியத்தையே விட்டுவிடுவதுதான் நேர்மையா?

பதில்: குலசேகரத்திலிருந்து

அன்புள்ள அக்கா, உங்கள் குடைத் தண்ணீரை வாசித்த பிறகு இரவு வெகுநேரம் தூங்கவில்லை. அந்தத் தண்ணீர் என் அறையிலும் ஓடியிருக்கிறது.

நான் இத்தகைய மாநாடுகளுக்கு இருமுறை போயிருக்கிறேன். முதல்முறை வெறுங்கையோடு திரும்பினேன். அது பெரும்பாலும் என் தவறுதான். ஒவ்வொரு அமர்விலும் முன்வரிசையில் அமர்ந்து நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினேன். மேடையில் சொன்ன ஒவ்வொன்றையும், ஊரில் இதை யாருக்குச் சொல்லலாம் என்ற கணக்கோடுதான் கேட்டேன். நீங்கள் சங்கீதத்தைப் பிரித்து வைப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதையேதான் நான் மூன்று நாளும் செய்திருக்கிறேன்.

இரண்டாம் முறை நடந்தது வேறு. இரண்டாம் நாள் பிற்பகல் எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். ஒருவர் பேச வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், மூன்றாமவர் வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். இருபது நிமிடம் கழிந்ததும் இடம் மாற வேண்டும். ஆலோசனை கற்றுத்தரும் இடங்களில் வெகுகாலமாகப் பழக்கத்தில் உள்ள முறை இது. நானே பலருக்கு நடத்தியும் இருக்கிறேன். கற்பனைக் கதை வேண்டாம், சொந்த வாழ்க்கையிலிருந்து சிறிய விஷயம் ஒன்றைப் பேசுங்கள் என்றார்கள். என் தம்பியோடு ஏற்பட்ட பாகப்பிரிவினைச் சச்சரவை எடுத்தேன். பேச்சு எப்படியோ அம்மாவின் கடைசி நாட்களுக்குப் போய்விட்டது. எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர் பாறசாலைப் பக்கத்து இளம் ஆயர்; அவருடைய தமிழில் பாதி மலையாளம் கலந்திருந்தது. அவர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை, வசனமும் எடுக்கவில்லை. நான் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியை மட்டும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்: “அம்மா கடைசியாக அவனைத்தான் கேட்டார்கள் என்று சொன்னீர்களே.” அவ்வளவுதான். நான் அழுத அழுகையைக் கண்டு, கவனிக்க அமர்ந்திருந்த சகோதரி தன் கைக்குட்டையை எடுத்துத் தந்தார்.

சொன்னதைத் திருப்பிச் சொல்வது ஆலோசனையின் அரிச்சுவடி. பதினோரு ஆண்டுகளாக மற்றவர்களுக்கு நான் செய்து வந்த காரியம். அந்தப் பதினோரு ஆண்டுகளில் எனக்கு ஒருவரும் அதைச் செய்ததில்லை. அன்று மாலை திருவிருந்தில் அப்பத்தைக் கையில் வாங்கும்போது, ஆலோசகர் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அதைப் புத்துயிர் என்று சொல்லலாம் என்றால், அது மேடையிலிருந்து வரவில்லை. ஒருவர் என் பேச்சைக் கேட்டதால் வந்தது.

வகுப்புகளே பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். நான் தனியாகச் சுமந்த ஒரு பாரம் ஒரு வகுப்பில்தான் இறங்கியது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நம் காதுக்கு வந்தால், அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதைக் காவல்துறையிடம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் தெளிவாக விளக்கினார். எதை நம் உள்ளத்தில் வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்று தெரிவதும் இளைப்பாறுதல்தான்.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, உடன் ஊழியர் முன் வாசிப்பது. தானே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்ட ஆன்டன் பாய்சன் என்ற போதகர், 1925இல் அமெரிக்காவின் ஊஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துச் சென்று தொடங்கி வைத்த பயிற்சி மரபில் வளர்ந்த முறை இது. அந்த மாநாட்டில் அறிமுகமான நாங்கள் நான்கு பேர், மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒருவர் வீட்டில் கூடி இதைச் செய்கிறோம். கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனியும் உண்டு. இந்தக் கூடுகை இல்லாதிருந்தால், மாநாட்டில் கிடைத்தது மூன்றாவது வாரத்திலேயே வற்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே போங்கள், அக்கா. ஆனால் பாடல் நடத்தவோ மொழிபெயர்க்கவோ கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் சேகரத்துக்காரர்களோடு ஒரே அறையில் தங்காதீர்கள்.

பதில்: நெய்யூர் பகுதி மனநலச் செவிலி

சகோதரி, மாநாட்டைப் பற்றிப் பேசும் முன் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா? விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறதா? பசி எப்படி இருக்கிறது? முன்பு மகிழ்ச்சி தந்த பாட்டு, தோட்டம், பேரப்பிள்ளைகள் ஆகியவற்றிலும் இரண்டு வாரங்களுக்கு மேலாக விருப்பம் அற்றுப்போயிருந்தால், அதை ஆவிக்குரிய வறட்சி என்று மட்டும் கருதி விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே களைப்பையும் கவனக் குறைவையும் தரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்த எலியாவிடம் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டு, இரண்டாம் முறையும் சாப்பிடச் சொன்னான். மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1838இல் நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கியது முதல் ஆலயமும் மருத்துவமனையும் அருகருகே வளர்ந்த மண் நம்முடையது. மருந்து வாங்குவதை விசுவாசக் குறைவாக நாம் நினைக்க வேண்டியதில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உங்களிடம் வருகிறவர்களுக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள். எல்லாப் பாரத்தையும் நீங்களே தாங்க வேண்டியதில்லை.

பதில்: கடலோரப் பங்கு ஒன்றிலிருந்து

அம்மா, நான் கத்தோலிக்கன். ஒரு கடற்கரை ஊரில் பங்குப் பணியில் இருப்பவன். மேலே எழுதிய சகோதரர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். மாநாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அங்கே பேச்சுதான் அதிகம். உங்களைப் போல் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவருக்கு, மௌனம் முதலில் தேவைப்படலாம்.

2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்த பிறகு, கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளில் போய் உட்காரும் பணி எனக்கு வந்தது. உடல் கிடைத்தால் அடக்கம் உண்டு, ஏழாம் நாள் உண்டு, அழுது தீர்க்க ஒரு கல்லறை உண்டு. உடலே கிடைக்காத வீட்டில் எதுவும் முடிவதில்லை. இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போன முதல் வீட்டிலேயே ஒரு தாய் என் முன்னால், மகனின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து உதறி மடித்து, அவன் வந்தால் உடுத்துவான் என்று அலமாரியில் வைத்தார். அதன்பின் எந்த வீட்டிலும் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓராண்டு முடிவதற்குள் நானும் உங்களைப் போலவே ஆனேன். பங்குத்தந்தை அதைக் கண்டு, ஆறு மாதம் யார் வீட்டுக்கும் போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன். ஊழியத்தை விடுவதற்கும் சிறிது காலம் இறக்கி வைப்பதற்கும் வேறுபாடு உண்டு, அம்மா.

அந்த ஆறு மாதத்தில் நான் அடிக்கடி போன இடம் தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை. டச்சுத் தளபதி டி லனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து மடிந்தவர். நட்டாலத்தில் பிறந்து பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, அவருடைய துயரத்தைக் கேட்டு, யோபுவின் கதையைச் சொன்னவர் இவர்தான். அந்த நீலகண்ட பிள்ளைதான் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் உயிர் தந்தார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். நம் மாவட்டத்தில் நடந்த ஆலோசனை உரையாடல்களில் இதைவிடப் பெரியது ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்தவர் நிறைவோடு இருந்த மனிதர் அல்லர். எல்லாவற்றையும் இழந்து அந்நிய மண்ணில் நின்றவர். யோபுவின் நண்பர்களும் ஏழு பகல் ஏழு இரவு வாய் திறக்காமல் தரையில் அமர்ந்திருந்தவரை நன்றாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள்.

மாநாட்டுக்குப் போவதானால், ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டு அந்தக் கோட்டையின் மரநிழலில் அரைநாள் இருந்துவிட்டுப் போங்கள்.

பதில்: ஓர் ஆயரின் மனைவி

மாநாட்டுக் கட்டணத்தை உங்கள் ஓய்வூதியத்திலிருந்து கட்டாதீர்கள், அம்மா. சேகரக் கமிட்டியில் கேளுங்கள். ஆலயத்துக்கு வண்ணம் பூசப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒதுக்கலாம். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் ஆயரம்மாவிடம் சொல்லுங்கள். நாங்கள் சொல்லும் இடத்தில் சொல்வோம்.

கேள்வி கேட்ட சகோதரி

எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. பதில்களை அச்செடுத்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

செவிலிச் சகோதரி கேட்டவற்றில் இரண்டுக்கு ஆம் என்பதுதான் என் பதில். நேற்றுக் காலை வெறும் வயிற்றோடு போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மாநாட்டுக்குப் பெயர் பதிவு செய்துவிட்டேன். கட்டணத்துக்காக ஆயரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மாநாடு முடிந்து வந்த பிறகு மூன்று மாதம் அறையைத் திறப்பதாக இல்லை என்றும் ஆயரிடம் தெரிவித்தேன். அதற்குள் வருகிறவர்களை யாரிடம் அனுப்புவது என்று அவர் கேட்டார். அடுத்த சேகரத்தில் உள்ள சகோதரியின் பெயரைக் கொடுத்தேன். அவர் ஏற்கெனவே சம்மதித்திருந்தார்.

பால்வெட்டுக்குப் போகும் அந்தப் பெண்ணைச் செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருந்தேன். வந்தார். அன்று அவர் கடைசியாகச் சொன்னது என் காதில் விழவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “எனக்குத் தெரியும் டீச்சர், அதான் நான் சட்டுன்னு எழும்பிட்டேன்” என்றார். பிறகு முதலிலிருந்து சொன்னார். மழை இல்லை, வாசலில் குடையும் இல்லை. அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

குலசேகரத்துச் சகோதரரே, உங்கள் முதல் சனிக்கிழமைக் கூடுகையில் ஐந்தாவதாக ஒருவருக்கு இடம் உண்டா? மார்த்தாண்டத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்துவிட முடியும்.