பொம்பளையாளுவகிட்ட யாரு கேக்கா, பீடி குடிப்பியான்னு?

எங்க மதினி கதைய சொல்லுதேன். முக்கூடல் பக்கம், சின்னப்புள்ளையிலேருந்து பீடி சுத்துத கை. காதுல ஆள் பேசுத சத்தம் கேக்குதுன்னு ஆரம்பிச்சு, வேற மாத்திரை எதுக்கும் அடங்காம கடைசில க்ளோசபின் குடுத்தாவ, மொதல்ல வாரா வாரம் ரத்தம் எடுத்து வெள்ளை அணு பாப்பாவளே, அது. ஆஸ்பத்திரில இருக்க வரைக்கும் தங்கமா இருப்பாவ, வீட்டுக்கு கூட்டியாந்து கொஞ்ச நாள்ல பழையபடி செவுத்தப் பாத்து பேச்சு. மறுபடி அட்மிஷன், சரியாவும், மறுபடி வீடு. இத்தனைக்கும் அண்ணன்தான் மாத்திரைய எண்ணிக் குடுத்து முழுங்குதாவளான்னு பாப்பான். அப்ப கோளாறு வீட்டுலதான்னு பெரியம்மை முடிவு பண்ணிட்டா, செய்வினையாம். கோழி அறுத்து, கயிறு கட்டி, மதினி கம்மல் போனதுதான் மிச்சம்.

புதுசா வந்த லேடி டாக்டர் அண்ணன வெளிய அனுப்பிட்டு மதினிட்ட தனியா கேட்டாவ, பீடி குடிப்பியளாக்கான்னு. குடிப்பாவளாம்! கழிச்சுப் போட்ட பீடிய எடுத்து, கொல்லைக்குப் போற சாக்குல. சத்தம் கூடுனா இழுத்தா கொஞ்சம் அடங்குமாம். அதுவரைக்கும் பாத்தவங்க எல்லாம் குடிப்பழக்கம் உண்டா சிகரெட் உண்டான்னு கேட்டது கூட வந்த அண்ணன்ட்ட, நோயாளிட்ட இல்ல.

பீடிப்பொகை உள்ள போனா ஈரல் க்ளோசபின்ன வேகமா கரைச்சுத் தள்ளிருமாம். வார்டுல பீடி கெடையாது, மாத்திரை ரத்தத்துல நிக்கும், வீட்டுல எறங்கிரும். செய்வினை இதாம். ஆனா பீடிய திடீர்னு நிறுத்துனாலும் ஆபத்து, ரத்தத்துல மருந்து அளவு ஏறி எச்சி ஒழுகும், எந்திரிக்க முடியாத தூக்கம், வலிப்பு வரைக்கும் போவும். அதனால நிறுத்துததுக்கு முன்னாடியே சொல்லிரணும், டோஸ கொறைப்பாவ. ஓலான்சபின்னு இதே மாதிரி நோவுக்கு இன்னொரு மாத்திரை, அதுக்கும் ஓரளவு இதே கததான்.

— எங்க ஆச்சிக்கு ஓலான்சபின்தான், ஆனா வெத்தலையோட பொகையில போடுவா. அதுக்கும் இப்படி ஆவுமா?

— ஆவாது, நானும் கேட்டுட்டேன். பத்த வச்சா வர்ற பொகைதான் காரணமாம், நிகோடின் இல்லியாம். அதுக்காவ நல்லதுன்னு இல்ல, வாய்ல ஆறாத புண்ணு இருந்தா சீக்கிரம் காட்டுங்க.

— எங்கம்மைக்கு தூக்க மாத்திரை. அப்பா தவறுனப்போ கொஞ்ச நாளைக்குன்னு எழுதுன அல்ப்ரசோலம், அந்த சீட்ட வச்சே வருஷக்கணக்கா வாங்கிருக்கா. 2014லேருந்து எச்1னு கட்டுப்பாடு போட்ட மருந்து பட்டியல்ல கெடக்கு, சீட்டு இல்லாம குடுக்கப்படாது, பேரெழுதி வைக்கணும், தெரிஞ்ச கடைன்னா எவன் எழுதுதான். மாத்திரைதானேன்னு யாருமே பழக்கமா நெனைக்கல. ஒருநாள் வீம்புக்கு நிறுத்திட்டா, ரெண்டு மூணு நாள்ல கை நடுக்கம், வேர்வை, கடைசில வலிப்பு. பொறவு டாக்டர் கொஞ்சங்கொஞ்சமா மாசக்கணக்குல எறக்குனாவ. நேர்ல போவ கூச்சமா இருக்கவிய 14416க்கு அடிங்க, டெலிமானஸ்னு கவர்மெண்டோட மனநல உதவி போன், தமிழ்லயே பேசுதாவ, ராத்திரியும் எடுப்பாவ, காசு கெடையாது.

— அந்த மதினி இப்ப பீடிய விட்டுட்டாவளா?

— விடல, கொறைச்சிருக்காவ. எத்தனைன்னு டாக்டர்ட்ட ஒளிக்காம சொல்லுதாவ, அதுக்கேத்த டோஸ். நாள் முழுக்க மடியில தட்டும் தூளுமா உக்காந்திருக்கவியட்ட விடுன்னா எப்பிடி விடுவாவ. பூ கட்டுத வேலை ஒண்ணு சொல்லிருக்காவ, கூலி கம்மி, அண்ணன் யோசிக்கான்.