ஒரே நிலையம் டயலில் இரண்டு இடங்களில் கேட்கிறது: இந்த ரேடியோவை வாங்கலாமா?

கேள்வி (டயல்முள்):
பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று வாங்க வேண்டும். சிற்றலைதான் எனக்கு முக்கியம். இரண்டு கிடைக்கின்றன. ஒன்று, அதிகம் கேள்விப்படாத கம்பெனியின் பெட்டி. முகப்பில் 12 பேண்ட் (அலைவரிசைப் பிரிவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்று நேஷனல் பானசோனிக் ஆர்எஃப்-2200, எட்டே பேண்ட். முதல் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். 9.61 மெகாஹெர்ட்ஸ் நிலையம் 8.70-இலும் கேட்கிறது. பேண்ட் மாற்றினால் கரகரப்பு வேறு. பழுதா?

சிற்றலை நேயர்:
இரண்டு இடங்களில் கேட்பது பழுதல்ல, அந்தப் பெட்டியின் அமைப்பு அப்படி. உள்ளே இருக்கும் ஆஸிலேட்டர் (தானே ஓர் அலையை உண்டாக்கும் சுற்று) டயலைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓடும். அதற்கு மேலேயோ கீழேயோ 455 தள்ளி இருக்கும் நிலையத்தைத்தான் ரேடியோ பிடிக்கும். முள் 8.70-இல் நின்றால் ஆஸிலேட்டர் 9.155. அதற்கும் 9.61-க்கும் இடைவெளி அதே 455! ரேடியோவால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. இதைப் பிம்ப அலை என்பார்கள். ஆர்எஃப்-2200 சிற்றலையில் அதிர்வெண்ணை இரண்டு கட்டமாக மாற்றுவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். பேண்ட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். அகலமான அலைவரிசையைச் சின்ன டயலில் திணித்தால், உங்கள் 9.61 அடங்கும் 31 மீட்டர் பகுதி முழுவதும் நகக்கண் அளவுக்குள் அடங்கிவிடும். ஆர்எஃப்-2200-இல் கிறிஸ்டல் மார்க்கர் உண்டு. 500, 125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிகளில் குறி ஒலி வரும். அதை வைத்து டயலைச் சரிசெய்துகொண்டால் தேடும் நிலையத்தின் மேலேயே போய் நிற்கலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

ஈயப்பற்று:
கரகரப்பைப் பற்றி: பேண்ட் சுவிட்சைப் பலமுறை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். சத்தம் குறைந்தால் காண்டாக்டில் படிந்த ஆக்சைடுதான்; கிளீனர் போதும். டயல் பிளாஸ்டிக்கில் மட்டும் அது படக் கூடாது, சிலவகை கிளீனர்கள் அதை அரித்துவிடும். வாங்குமுன் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், கசிவு சர்க்யூட் பலகை வரை போயிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

1960-களின் ஐரோப்பிய ரேடியோ பக்கம் மனம் போனால் இதையும் கவனியுங்கள்: ஏஎஃப்117 வகை ட்ரான்சிஸ்டர்களின் உலோக உறைக்குள் மயிரிழைபோலத் தகரம் வளர்ந்து ஷார்ட் ஆகும். நாலாவது காலான உறைக்காலை வெட்டிவிட்டால் பல வேளைகளில் பேசத் தொடங்கிவிடும்.

டயல்முள்:
நன்றி. ஆர்எஃப்-2200-ஐ இன்று கேட்டேன். 9.61 ஒரே இடத்தில்தான் வருகிறது. மேலே இருக்கும் ஏரியல் பட்டையைத் திருப்பினால் மத்திய அலை நிலையம் மங்கித் தெளிகிறது, அருமை. ஆனால் எஃப்எம் 76 முதல் 90 வரைதான். இது ஏன்?

சிற்றலை நேயர்:
அது ஜப்பான் உள்நாட்டு மாடல், அந்தக் காலத்தில் அங்கே எஃப்எம் அப்படித்தான் இருந்தது. சிற்றலைக்கு ஒரு குறையும் இல்லை, தயங்காமல் வாங்குங்கள். மின்சாரம் மட்டும் 100 வோல்ட். அதைவிட அதிக வோல்ட் வரும் இடத்தில் நேராகச் சொருகிவிடாதீர்கள். நான்கு டி அளவு பேட்டரி போட்டுக் கேளுங்கள், மின் இரைச்சலும் இராது.