ஓய்வுபெற்ற அதிகாரிகள் நடத்தும் வக்கீல் நிறுவனம்: நம்பிப் போகலாமா?

ஆர்கேபுரம்_பையன்:
அப்பா ஓர் அமைச்சகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவர். எம்.ஏ.சி.பி. என்று, பதவி உயர்வு கிடைக்காத மத்திய அரசு ஊழியருக்குச் சம்பள நிலையை உயர்த்தித் தரும் திட்டம் இருக்கிறது. அதில் 30 வருஷத்துக்கு வர வேண்டிய மூன்றாவது உயர்வை ஆபீஸ் மறுத்துவிட்டது. வழக்குப் போட டெல்லியில் ஒரு வக்கீல் நிறுவனத்துக்குப் போனோம். பார்ட்னர்களில் மூன்று பேர் ஓய்வுபெற்ற அதிகாரிகள். வகித்த பதவிகளை வாசலில் பலகையாகவே மாட்டியிருக்கிறார்கள். "அந்த செக்‌ஷன்ல நம்ம ஆளுங்க இருக்காங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். அப்பாவுக்கு நிம்மதி, எனக்கு உறுத்தல். இது சரியா?

பென்ஷன்தாரர்:
இதில் என்ன தப்பு தம்பி? நான் 34 வருஷம் நிர்வாகப் பிரிவில் இருந்தவன். ஃபைலில் எழுதும் குறிப்பு (நோட்டிங்) எப்படி மேலே போகும், எந்த ஓ.எம். (அரசின் அலுவலகச் சுற்றறிக்கை) எதை ரத்து செய்தது என்பதெல்லாம் சட்டக் கல்லூரியில் வராது. என் பென்ஷன் தகராறில் இரண்டு வக்கீல்கள் கைவிரித்தார்கள். சரியான ஓ.எம்.மை எடுத்துக் கொடுத்தது ஒரு பழைய அண்டர் செக்ரட்டரிதான்.

முனிர்கா_வக்கீல்:
சார், அனுபவத்தை விற்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆளை விற்பதுதான் தப்பு. சட்டமே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. மத்திய அரசின் குரூப் ஏ அதிகாரி, அதாவது உயர்மட்ட அதிகாரி, ஓய்வுபெற்ற ஒரு வருஷத்துக்குள் தனியார் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். பழைய பதவியால் கட்சிக்காரருக்கு நியாயமில்லாத சாதகம் கிடைக்குமென்றால், சொந்தமாகத் தொழில் தொடங்குவதும் பார்ட்னராவதும்கூட அதில் அடங்கும். உயர் நீதிமன்ற நிரந்தர நீதிபதியாக இருந்தவர் அதே நீதிமன்றத்தில் வாதாடவே முடியாது, அரசியல் சாசனப் பிரிவு 220. அப்புறம் அந்தப் பலகை. பார் கவுன்சில் விதி 36-ன்படி, எந்த அமைப்போடு தொடர்பு இருந்தது என்று வக்கீல் பெயர்ப்பலகையில் போடக் கூடாது.

பென்ஷன்தாரர்:
பலகை தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன விதியிலேயே ஒரு வருஷம்தானே தடை? ஜி.எஸ்.டி. சட்டத்திலும் அப்படித்தான்: வரித்துறை அதிகாரி ஓய்வுபெற்று ஒரு வருஷம் கழித்து, கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். அரசே திறந்துவைத்த கதவு. அதில் நுழைகிறவனை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

கரோல்பாக்_அக்கா:
ஏன் என்று நான் சொல்கிறேன். என் கணவரின் சீனியாரிட்டி விஷயத்தில் இதே மாதிரி ஒரு இடத்தில் "பேசிட்டிருக்கோம் மேடம்" என்றே 14 மாதம் ஓட்டினார்கள். மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு, இறுதி ஆணை வந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில், கெடு தாண்டியதை மன்னிக்கக் கேட்கும் மனுவோடு, தீர்ப்பாயம் இருக்கும் காப்பர்நிகஸ் மார்க்குக்கு அலைந்தேன். உள்ளே ஆள் இருக்கிற நம்பிக்கையில்தான் நாள் போனது. கணவர் ஓய்வுபெறும் வரை அந்த வழக்கு முடியவில்லை.

பென்ஷன்தாரர்:
அது அக்கிரமம் அம்மா, வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனாலும் ஒரு மோசமான நிறுவனத்தை வைத்து சர்வீஸ் ரூல் தெரிந்த எல்லாரையும் தள்ளிவைக்காதீர்கள். கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவனுக்கு அவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

முனிர்கா_வக்கீல்:
தம்பி, முதலில், அப்பாவின் உயர்வை மறுத்த ஆணையின் தேதியைப் பாருங்கள். நாளைக்கே அந்த நிறுவனத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: மனு எப்போது தாக்கல்? தேதி சொல்லாமல் ஆளைப் பற்றிப் பேசினால் ஃபைலைத் திருப்பி வாங்கிவிடுங்கள். தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 50 ரூபாய்தான். வக்கீல் இல்லாமல் அப்பாவே நேரில் வாதாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஆர்கேபுரம்_பையன்:
ஆணை வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. இன்று கேட்டேன். "அவசரப்படாதீங்க" என்றார்கள். ஃபைலை வாங்கிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னால், "அவங்க பெரிய இடம்டா" என்கிறார். இன்று ராத்திரி இந்தப் பதிவுகளை அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன், அக்காவுடையதை முதலில்.