புதுப்பிப்பு: அல்ட்ராசோனிக் கிளீனரில் வேப் டேங்க்கைச் சுத்தம் செய்தல்

வேப் (மின்சிகரெட்) கருவியில் திரவம் நிரப்பும் டேங்க்கின் திருகு மரைகளில் படிந்த பிசுக்கும் பழைய புதினா வாசனையும் அல்ட்ராசோனிக் கிளீனரில் (மீயொலி அதிர்வால் நீரில் பொருள்களைச் சுத்தம் செய்யும் தொட்டி) இரண்டு முறை போட்டும் போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, பாகங்களை முழுவதுமாகக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துப் போடச் சொன்ன யோசனைதான். நான் அதுவரை டேங்க்கைக் கழற்றாமலேயே குளிர்ந்த நீரில் போட்டுக்கொண்டிருந்தேன். அதிர்வினால் உருவாகி உடையும் நுண்குமிழ்களே அழுக்கைப் பெயர்க்கின்றன என்பதால், நீர் நுழையாத இணைப்புகளுக்குள் அவை வேலை செய்ய வழியே இல்லை. இம்முறை திரவத்தைச் சூடாக்கும் காயிலையும் அதை உறிஞ்சும் பஞ்சையும் நீக்கிவிட்டு, உலோக, கண்ணாடிப் பாகங்களை அடித்தட்டில் படாதவாறு கூடையில் வைத்து, 8 நிமிடம் ஓட்டி, நல்ல நீரில் அலசி, ஓர் இரவு உலரவிட்டேன். பிசுக்கு முழுவதும் அகன்றது.

வாசனை மட்டும் ஓ-ரிங்குகளில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) தங்கியிருந்தது; புதியவற்றை மாற்றிய பிறகே அது போனது. நான் எதிர்பாராத வகையில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வளையத்தின் கறுப்புப் பூச்சு ஓரங்களில் உரிந்துவிட்டது. பூச்சுள்ள பாகங்களைக் கையால் கழுவியிருக்க வேண்டும். ஆல்கஹால் ஊற்றும் யோசனையை, சூடாகும் தொட்டியில் அதன் ஆவி தீப்பற்றக்கூடும் என்பதால், நான் முயலவில்லை. பேட்டரிப் பகுதியை நீரின் பக்கமே கொண்டுசெல்லவில்லை.