புதுப்பிப்பு: லாகின் செய்தால் வருகை ஆகுமா?

"இணைய வகுப்பில் லாகின் செய்தாலே வருகைதானே?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். இல்லையாம். அமெரிக்க மத்திய அரசு உதவித்தொகை விதிப்படி வெறும் லாகின் செல்லாது. அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பது, தேர்வு எழுதுவது மாதிரி ஏதாவது ஒன்றாவது செய்திருக்க வேண்டும். நான் எதையுமே தொடாத அந்த ஒரு பாடத்தைக் கழித்துவிட்டுப் பெல் கிராண்ட்டை (வருமானம் குறைந்த மாணவர்களுக்கான அந்த அரசு உதவித்தொகை) மறுபடி கணக்கிட்டார்கள். என் கல்லூரிக் கணக்கில் இப்போது சிவப்பு எழுத்தில் ஒரு பாக்கி.

"எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுத்த பருவம் சேர்ந்துகொள்" என்று சிலர் சொன்னீர்கள். நல்லவேளை, கேட்கவில்லை. பருவத்தில் 60 சதவீதம் தாண்டும் முன் முழுக்க விலகினால், இருந்த நாட்களின் விகிதத்துக்குத்தான் பணம். மீதி திரும்பப் போய்விடும்.

மதிப்பெண்ணா? நேரில் போகும் புள்ளியியலில் மட்டும் பி கிரேடு. முன்வரிசையில் தூங்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்புறம், பாக்கியை மூன்று தவணையாகக் கட்டலாம் என்றார்கள். முதல் தவணை வெள்ளிக்கிழமை.