கன்னம் வீங்கிய இறால்

போன மாதம் திருகோணமலை கொட்டியாரக் குடாவில் பிடித்த இறால் ஒரு கிலோ வாங்கி வந்தேன். உரித்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றைத் தனியே தள்ளி வைத்தார். "இதுக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கிடக்கு, பூனைக்குப் போடு."

ஊசியால் அதன் மேலோட்டை நெம்பினேன். செவுளோடு ஒட்டியபடி சுண்டுவிரல் நகமளவில் ஒரு தட்டைப் பிராணி. உடல் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, வயிற்றுப்புறம் முழுக்க முட்டை. வால் பக்கத்தில் அரிசிக் குறுணை போல இன்னொன்று. அதுதான் புருஷன்!

போபிரிட் என்ற ஒட்டுண்ணி இது; ஐசோபோட் என்ற ஓட்டுயிர் வகை. இறாலின் இரத்தத்தைக் குடித்தே வாழும். இது ஏறிய இறால் பெரும்பாலும் சினை வைப்பதில்லை. முதலில் வந்து சேரும் குஞ்சு பெண்ணாகும், பிந்தி வருவது ஆணாகும். அது வரும் வழிதான் வேடிக்கை. பொரித்த குஞ்சு நேரே இறாலிடம் போகாது. நீரில் மிதக்கும் கோபிபோட் என்ற நுண்ணிய ஓட்டுயிர் ஒன்றில் தொற்றி, அங்கேயே உருமாறி, அப்புறம்தான் இறாலைத் தேடும். நாங்கள் ஹபரணைச் சந்தியில் பஸ் மாறுகிற மாதிரி.

கிண்ணியாக்காரன்:
எனக்கு நண்டில் நடந்தது. வலையில் வந்ததைப் புரட்டிப் பார்த்த காக்கா (அண்ணன்), "சினை நண்டுடா, விட்டுடு" என்றார். தொட்டேன். முட்டை என்றால் குருணை குருணையாக இருக்கும். இது வழவழவென்று ரப்பர் பை மாதிரி. நீலக் கொடுக்கைப் பார்த்தால் ஆண், வயிற்று மடல் மட்டும் பெண்ணுக்குப் போல அகலம்! சாக்குலினா என்ற ஒட்டுண்ணியாம். வள்ளத்தின் அடியில் ஒட்டுமே கொட்டலசு, அதன் உறவுக்காரன். நண்டுக்குள் வேர் மாதிரிப் பரவி, ஆணையும் பெண்போல ஆக்கிவிடுகிறது. அந்தப் பையைத் தன் முட்டை என்றே நண்டு பராமரிக்குமாம். பாவம்.

உப்புவெளி அக்கா:
கோபிபோட்டும் லேசுப்பட்டதில்லை. படிக்கிற காலத்தில், வலையில் செத்துக் கிடந்த சினைச் சிங்கி இறால் ஒன்றின் முட்டைக் கொத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தோம். இரண்டு மூன்று முட்டைகளுக்குக் கால் இருந்தது! முட்டை போலவே உருண்டு, முட்டைகளுக்கு நடுவே இருந்துகொண்டு அவற்றையே உறிஞ்சும் கோபிபோட். சிங்கி முட்டையில் வாழும் இந்தச் சாதியில் ஒன்றை 1962இலேயே பிள்ளை என்ற இந்திய ஆய்வாளர் விவரித்திருக்கிறார்: சோனியோமைசான் பனுலிரி. எங்கள் சேர் நம்பவில்லை, தானே வந்து குனிந்து பார்த்தார்.

முதலில் எழுதியவர்:
அக்கா, இனிச் சினை இறாலைக் கண்டால் எண்ணிப் பார்க்கத்தான் தோன்றும். சமைத்தால் மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பூனைதான் தின்றது.