மூன்று வார லீவில் காப்பகத்துக்குப் போகலாமா?

சத்துவாச்சாரி டு ஸ்டுட்கார்ட்:
டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்கு வருகிறேன். இங்கே ஜெர்மனியில் சனிக்கிழமைதோறும் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அதையே நம் ஊரிலும் செய்யலாமென்று வேலூர்ப் பக்கத்துக் குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்குப் போன் செய்தேன். "நாளைக்கே வாருங்கள் சார், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம்" என்றார்கள். என்னோடு யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா?

குடியாத்தம் டீச்சர்:
தம்பி, ஒரு கேள்வி. ஸ்டுட்கார்ட்டில் பிள்ளைகளிடம் உங்களை விடுவதற்கு முன் என்ன கேட்டார்கள்?

சத்துவாச்சாரி டு ஸ்டுட்கார்ட்:
போலீஸ் நன்னடத்தைச் சான்று. சிறுவர்களோடு பழகுகிறவர்களுக்கென்றே விரிவான சான்று ஒன்று உண்டு. அது கைக்கு வரும்வரை வகுப்புக்குள் விடவில்லை.

குடியாத்தம் டீச்சர்:
இங்கே ஒரே ஒரு போன் போதுமாக இருந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஆளைத் தங்கவே சொல்கிற காப்பகம், உங்களை மட்டும்தான் அப்படி அழைக்கும் என்று நினைக்கிறீர்களா? வரவேற்பு பலமாக இருந்தது என்று சந்தோஷப்படாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பாலாறு:
ஆரம்பித்துவிட்டார்கள்! ஒருவன் சொந்தக் காசில் டிக்கெட் போட்டு, லீவைச் செலவழித்து வருகிறேன் என்கிறான். அவனுக்கு முதல் பரிசு சந்தேகம். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்களே, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகள் என்று மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர் எத்தனை பேர் போகிறோம்? பிறந்தநாளுக்கு பிரியாணி அனுப்புவதோடு சரி.

ஆம்பூர்க்காரி:
அந்த பிரியாணியைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அப்பா இறந்தபின் அம்மாவால் முடியாமல் காப்பகத்தில் சேர்த்தார். பிரியாணி அண்டா வந்து இறங்கும். பிறந்தநாள் குழந்தையின் வண்டி வராது. வரும்வரை நாங்கள் தலைவாரிக்கொண்டு வரிசையில் நிற்போம். வந்ததும் முகமே தெரியாத பையனுக்குக் கைதட்டிப் பாட்டு, பிறகு கேக், பிறகு போட்டோ, கடைசியில் ஆறிப்போன சோறு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லீவில் வந்து பாடம் எடுத்த அண்ணன், அக்காமார்கள்தான் கஷ்டம். நன்றாகத்தான் எடுத்தார்கள். ஊருக்குப் போனதும் கடிதம் எழுதுவேன் என்பார்கள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் சாயங்காலம் கேட் பக்கமே உட்கார்ந்திருக்கும். சில மாதத்தில் அதுவும் நின்றுவிடும், யார் வந்தாலும் ஒட்டாது. சார் நல்லவராகவே இருக்கலாம். போகாதீர்கள்.

பாலாறு:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த மூன்று வாரமும் இல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்கு ஆங்கிலம் வந்திருக்குமா?

ஆம்பூர்க்காரி:
ஆங்கிலம் எனக்கு எங்கள் பள்ளி டீச்சரிடமிருந்து வந்தது. வருடம் முழுக்க வந்தவர் அவர்தான்.

காட்பாடி வக்கீல்:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி காப்பகம் எதுவானாலும் பதிவு செய்திருக்க வேண்டும். பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜர்படுத்தியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவதும் குற்றம். ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். பேஸ்புக்கில் போடும் படத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணமாகக் கொடுப்பதென்றால், உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான அனுமதி பெற்ற அமைப்புகள் மட்டுமே வாங்கலாம்.

சத்துவாச்சாரி டு ஸ்டுட்கார்ட்:
பாஸ்போர்ட் இந்தியாவுடையதுதான். ஆனால் செக் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இங்கே சிரியாவிலிருந்து வந்த பையன் ஒருவன் பின்னக் கணக்கைப் போட்டு முடித்ததும் பென்சிலை மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அதைச் செய்யக் கூடாதென்றால் எப்படி?

குடியாத்தம் டீச்சர்:
செய்யக் கூடாதென்று யார் சொன்னது? அங்கே சனிக்கிழமை தவறாமல் போகிறீர்கள், அதனால்தான் அவன் பென்சிலைத் தட்டுகிறான். இங்கேயும் அப்படி வாருங்கள், வீடியோவில்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி. ஏழாம் வகுப்புப் பெண் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பாள். முறத்தின் ஓரத்தில் கணக்கு நோட்டு. அம்மா சுருட்டிப் போடப் போட இவள் முனையை மடக்குவாள். ஆயிரம் சேர்ந்தால்தான் கூலிக் கணக்கு. காலையில் நோட்டைத் திறந்தால் புகையிலைத் தூள் கொட்டும். இவளுக்கு அப்பா, அம்மா, வீடு எல்லாம் இருக்கிறது. காப்பகத்தில் தேடினால் கிடைக்க மாட்டாள்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90. பாடத்தை நான் பார்த்துக்கொள்வேன், மனத்திறனுக்குத்தான் ஆள் இல்லை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை தனியாக உண்டு. ஆதாரில் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நின்றுவிடும். அதையும் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். இதற்கெல்லாம் கைதட்டுக் கிடைக்காது. வகுப்பு நடக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன். பிள்ளைகளின் போன் எண்ணை உங்களுக்குத் தர மாட்டேன். அந்த ஜெர்மன் சான்றையும் அனுப்பிவையுங்கள்.

சத்துவாச்சாரி டு ஸ்டுட்கார்ட்:
அனுப்புகிறேன். ஞாயிறு உங்கள் காலை பதினொரு மணி என்றால் எனக்குக் குளிர்காலத்தில் ஆறரை. பரவாயில்லை, எழுந்துவிடுவேன். ஆனால் டிசம்பரில் அந்தப் பிள்ளைகளை நேரில் பார்ப்பேன், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குடியாத்தம் டீச்சர்:
பள்ளியில், தலைமையாசிரியர் அனுமதியோடு பாருங்கள். கேக் வேண்டாம்.

பாலாறு:
வீடியோ வகுப்பெல்லாம் பொங்கலோடு படுத்துவிடும். நெட்வொர்க் போகும், சார் பிஸியாவார். எத்தனை பார்த்திருக்கிறோம்! எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் டீச்சர்:
எழுதி வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எந்த ஊர்?

பாலாறு:
பள்ளிகொண்டா. ஏன்?

குடியாத்தம் டீச்சர்:
குடியாத்தத்துக்கு அங்கிருந்து பஸ் இருக்கிறது. ஞாயிறு பதினொன்றுக்கு நெட்வொர்க் போனால் நேரில் எடுக்க ஓர் ஆள் வேண்டும். சான்று உங்களுக்கும் கேட்பேன்.